வாங்கிய ஸ்விட்ச், போடாத ஸ்விட்ச்

பத்து டாலர்! 2016 பிப்ரவரியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் பறந்ததே, அந்த வங்கியில் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்த ஸ்விட்சின் விலை அது. அதுவும் செகண்ட் ஹேண்ட். நான் சொல்லவில்லை, விசாரித்த டாக்கா போலீஸ் அதிகாரி அதே ஏப்ரலில் ராய்ட்டர்ஸிடம் சொன்னது. திருடர்கள் குறி வைத்தது 95 கோடி டாலர். அதில் 2 கோடி இலங்கை வரை வந்து, பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

கொஞ்சம் விலை கூடிய 'மேனேஜ்டு ஸ்விட்ச்' இருந்திருந்தால், ஸ்விஃப்ட் அறையை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருக்கலாம் என்றார் அவர். இதைச் சொன்னால் நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். "நம்ம பேங்க்ல எல்லாமே மேனேஜ்டு தான் சார்!"

என் சண்டையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாங்கினீர்கள் சரி. மேனேஜ் செய்தீர்களா?

(ஓடாதீங்க மக்களே, நானும் பி.காம் தான். ஸ்விட்ச் என்றால் ஆபீசில் எல்லா கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேரும் பெட்டி. அவ்வளவுதான்.)

தாராவி சாலில் குடியிருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தபால்காரர் கீழே நின்று "12ம் நம்பர் யாருப்பா?" என்று குரல் கொடுக்கிறார். "நான்தான்" என்று கை தூக்கியவனிடம் தபாலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அட்டை கேட்பதில்லை, பக்கத்து வீட்டில் விசாரிப்பதில்லை. ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடுவதும் இப்படித்தான். இதற்கு ஏ.ஆர்.பி என்று பெயர். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய விதி. பதில் சொல்பவன் உண்மையான ஆளா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. யாரும் கேட்காமலேயே ஒருவன் "இனிமே 12ம் நம்பர் நான்தான்" என்று கத்தினாலும் பல மெஷின்கள் அப்படியே குறித்துக்கொள்ளும்.

பேங்க் பாஷையில் சொன்னால் மேக்கர் உண்டு, செக்கர் இல்லை. ஐந்நூறு ரூபாய் வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து கேட்கும் நாம், அந்த வவுச்சர் ஓடும் கம்பியில் ஒரு கையெழுத்தும் கேட்பதில்லை!

அந்தச் செக்கர் எங்கே? நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. டி.எச்.சி.பி ஸ்னூப்பிங் என்று ஒரு செட்டிங். எந்தப் போர்ட்டில் இருக்கும் எந்த மெஷினுக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டது என்று பதிவேடு எழுதும். டைனமிக் ஏ.ஆர்.பி இன்ஸ்பெக்ஷன் என்று இன்னொன்று. "நான்தான் 12ம் நம்பர்" என்று எவன் கத்தினாலும் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்தச் சத்தத்தை அங்கேயே அமுக்கிவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டுமே பொதுவாக அணைத்துத்தான் இருக்கும். நாம்தான் போட வேண்டும்.

ஏன் போடுவதில்லை? வெண்டர் எஞ்சினியரைக் கேட்டால் ஒரே பதில். "ஆன் பண்ணா பிரிண்டர் நின்னுடும் சாப். சல்னே தோ."

பிரிண்டர் நிற்கும் என்பது உண்மைதான். பிரிண்டர், வருகைப்பதிவு மெஷின், கேமரா எல்லாம் கையால் முகவரி போட்டவை. பதிவேட்டில் அவற்றின் பெயர் இருக்காது. அதற்கு வழியும் உண்டு. அப்படிப்பட்ட சாமான்களைப் பட்டியல் எடுத்து, முகவரியையும் மெஷின் எண்ணையும் ஸ்விட்சில் தனியாக எழுதிவைக்க வேண்டும். மேலே போகும் இணைப்பை நம்பிக்கைப் போர்ட்டாகக் குறிக்க வேண்டும். முதலில் ஸ்னூப்பிங்கைப் போட்டுப் பதிவேடு நிரம்ப விட்டு, பிறகு ஒவ்வொரு பிரிவாக இன்ஸ்பெக்ஷனைப் போட வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் சாதாரணப் போர்ட்டில் நொடிக்கு 15க்கு மேல் ஏ.ஆர்.பி வந்தால் போர்ட்டே மூடிக்கொள்ளும். அந்த அளவையும் பார்த்து வைக்க வேண்டும். ஒரு கிளைக்கு ஒரு சனிக்கிழமை வேலை. அந்தச் சனிக்கிழமைக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதுதான் நிஜக் காரணம்.

ஆடிட் பிடிக்காதா? ஆடிட் தாளில் கேள்வி "மேனேஜ்டு ஸ்விட்ச் உள்ளதா?" என்று இருந்தால் பதில் "ஆம்". டிக். லாக்கர் இருக்கிறதா என்று கேட்டு, பூட்டியிருக்கிறதா என்று கேட்காத ஆடிட்! 2016 ஜூன் 2ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கை நெட்வொர்க் பாதுகாப்பையும் பாதுகாப்பான கான்ஃபிகரேஷனையும் கேட்கத்தான் செய்கிறது. நாம் அதை ரசீதைக் காட்டி முடித்துவிடுகிறோம்.

"இப்ப எல்லாமே என்க்ரிப்ஷன், நடுவுல எவன் வந்தா என்ன?" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பாதி சரி. பூட்டிய கடிதத்தைத் தப்பான ஆள் வாங்கினால் படிக்க முடியாது, ஆனால் கிழித்துப் போட முடியும். ஆபீசுக்குள் பிரிண்டருக்கும் பழைய சாஃப்ட்வேருக்கும் போகும் எத்தனையோ விஷயம் இன்றும் பூட்டாமல்தான் போகிறது. பங்களாதேஷில் நடந்தது ஏ.ஆர்.பி பொய்யால் என்றும் நான் சொல்லவில்லை. உள்ளே நுழைந்தவன் தடையில்லாமல் உலாவினான் என்றுதான் சொல்கிறேன். அது வெளியூர்க் கதை என்றும் ஒதுக்க முடியாது. 2018 பிப்ரவரியில் நம்ம கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்டிலும் சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று மோசடி அனுப்புதல்கள் நடந்தன. அதைப் பிடித்தது கணக்கு ஒத்துப்பார்க்கும் பழைய பழக்கம்தான்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நெட்வொர்க்கில் பொய் சொல்லி ஒருவன் புகுந்தால், ரெக்கார்டில் நிற்பது அந்த நாளில் அந்தச் சீட்டில் இருந்த கிளார்க்கின் ஐ.டி. மெமோ அவருக்கு. வாடிக்கையாளருக்கு "பாஸ்வேர்டைப் பகிராதீர்கள்" என்று எஸ்.எம்.எஸ். செட்டிங்கைப் போடாதவருக்கு ஏ.எம்.சி புதுப்பிப்பு!

ஐரோலி மைண்ட்ஸ்பேஸில் வேலைக்குப் போகும் நம்ம பிள்ளைகளில் இந்த இரண்டு செட்டிங்கும் தெரிந்தவர்கள் நிறைய. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கூட்டுறவு வங்கியில் பங்கு வைத்திருக்கும் பெரியவர்களும் நிறைய. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டிவிடெண்டோடு சேர்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஸ்விட்ச் வாங்கியதற்கு பில் பார்த்தோம். ஏ.ஆர்.பி இன்ஸ்பெக்ஷன் எத்தனை கிளையில் ஓடுகிறது?"

மேடையில் பதில் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அங்கே இருப்பது பத்து டாலர் ஸ்விட்ச்தான். விலை மட்டும் கூட.