வலிக்கலைன்னு சந்தோஷப்படாதீங்க

1/ தினமும் காலையில நடக்கிறீங்களா? ரொம்ப நல்லது. எத்தனை ஸ்டெப்னு கையில இருக்கிற வாட்ச் சொல்லிடும். ஆனா கடைசியா உங்க உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தது எப்போ?

2/ ஓபிக்கு வந்தவருக்கு வயசு 58. 12 வருஷமா சுகர். ஒரு நாள்கூட வாக்கிங் தவறமாட்டார். தரையில ரத்தக்கறையைப் பார்த்துட்டு கூட்டிட்டு வந்தது அவர் மனைவி. ஷூவுக்குள்ள ஒரு சின்னக் கல். அதோடவே ரெண்டு நாள் நடந்திருக்கார். "வலியே இல்லையே டாக்டர்"ங்கிறார். கடைசியில ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு.

3/ சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்புகள் பாதிக்கப்படும். நீளமான நரம்புகள் முதலில், அதாவது பாதம். எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல நடக்கிற மாதிரி உணர்வு. சிலருக்கு ஒரு கட்டத்துல எரிச்சல் நின்னுடும். சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க. உண்மையில உணர்ச்சியே போயிருக்கும்.

4/ இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம்ம ஊருக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் கெடுகிறது என்று காட்டினார். அன்னைக்கு அவங்களுக்குக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்னைக்கு சுகர் நோயாளிக்கும் எழுதித் தர்றோம்.

5/ அதனால என் கருத்து இது: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பார்க்கில் கூழாங்கல் மேல வெறுங்காலோட எட்டு போடக் கூடாது. வாட்ஸப்ல யார் என்ன அனுப்பினாலும் சரி. சித்திரை வெயில்ல கோயில் பிரகாரத்தைச் சுத்தி, கொப்புளம் வந்தது தெரியாமலே வீட்டுக்குப் போனவங்களைப் பார்த்திருக்கேன். விடியற்காலையில போங்க. சாமி கோச்சுக்காது.

6/ நடக்காதீங்கன்னு சொல்லலை. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை. தினம் அரைமணி, அஞ்சு நாள் போதும். 10,000 ஸ்டெப்ங்கிறது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. அதை எட்டலைன்னு வருத்தப்படாதீங்க. ஆனா காலில் புண் இருந்தா, வாக்கிங்கை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரிடம் காட்டுங்க.

7/ ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடி வெச்சுப் பாருங்க. ஷூவைத் தட்டி உதறிட்டுப் போடுங்க. செருப்பு சாயங்காலம் வாங்குங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியா அமையும். கால் ஆணியை பிளேடால் சீவாதீங்க. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

8/ எங்க மேலயும் தப்பு இருக்கு. ரிப்போர்ட்டைப் பார்க்கிறோம், மாத்திரை எழுதறோம், "ஷூவைக் கழட்டுங்க"ன்னு சொல்ல மறந்துடறோம். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பார்க்க சில நிமிஷம் போதும். சுகர் உள்ள எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்யணும்.

9/ பெரியவங்க பலர் "உங்க முன்னாடி காலை நீட்டறதா டாக்டர்"னு கூச்சப்பட்டு உள்ளே இழுத்துக்குவாங்க. தயவுசெய்து நீட்டுங்க. நாங்க கேட்கலைன்னா நீங்களே கேளுங்க: "என் காலையும் பார்த்துடுங்க."

10/ உங்களுக்கு சுகர் இல்லையா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருக்கும். இன்னைக்கு ராத்திரி அவங்க பாதத்தை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க.