எண்ணிட்ட பட்டியலும் உட்பிரிவும்

தொல்காப்பியம் 3 அதிகாரங்களை உடைத்து. அதிகாரந்தோறும் இயல் 9. ஆக இயல் 27. அதிகாரத்தின் அகத்தே இயல் அடங்குதலின் எண் மயங்குவதில்லை. வலைப்பக்கத்தில் பட்டியல் அமைக்கும் நம் மாணவர் பலரோ எண்களைத் தாமே எழுதி, வெற்றிடம் விட்டு உட்பிரிவெனக் காட்டுகின்றனர். இது தவறென்பது எம் கருத்து. இடையே ஒன்று சேர்ப்பின் பின்னுள்ள எண்ணெல்லாம் மாற்ற நேரும். அன்றியும், திரையெழுத்தைப் படித்துரைக்கும் மென்பொருளின் துணையாற் கற்கும் பார்வையற்ற மாணவர்க்கு வெற்றிடம் எதனை உணர்த்தும்? எச்.டி.எம்.எல். முறையில் ‘ஓ.எல்.’ என்பது எண்ணிட்ட பட்டியல், ‘எல்.ஐ.’ என்பது அதன் உறுப்பு. மேலுறுப்பு முடியுமுன் அதனுள்ளேயே உட்பட்டியலை வைப்பின், எண் தானே 1 எனத் தொடங்கும். அடுக்கும் செவிக்குப் புலனாம். பாடக்குறிப்புப் பதிக்கும் மாணவர் இம்முறையையே மேற்கொள்வாராக.