‘மற்றவர்கள்’ என்பது நாங்கள்தான்

மண்டபம் கரையில் இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா பிடிபட்டால், மறுநாள் பேப்பரில் மூட்டைகளோடு படம் வருகிறது. கடலுக்குப் போய்வந்த பங்குக்காசு வீடு வந்து சேராமல் டாஸ்மாக்கில் கரைவது செய்தியே இல்லை. 1985 சட்டப்படி கஞ்சா குற்றம். 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் தொழில்.

2010இல் பிரிட்டனில் டேவிட் நட் குழு 20 போதைப்பொருள்களின் கேட்டை 100க்கு மதிப்பிட்டது. மது 72, ஹெராயின் 55, கஞ்சா 20. மதுவை முதலிடத்துக்கு ஏற்றியது, குடிப்பவரைத் தாண்டி மற்றவர்களுக்கு விளையும் கேடு.

யார் அந்த ‘மற்றவர்கள்’? வீங்கிய முகத்தோடு விடியலில் மீன்கூடை தூக்குகிற நாங்கள். கஞ்சாவை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டை எங்கள் வீட்டுக்குள் வந்து அளந்து பாருங்கள் என்கிறேன்.