கைகளிலும் மழலை உண்டு

மழலை என்றதும் நம் நினைவிற்கு வருவது ஒலியே. நாவிலிருந்து பிறப்பது மட்டுமே மொழி என எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் பொருந்துமா என மொழி பயில்வோராகிய நாம் ஆராய்தல் வேண்டும்.

கேட்கும் குழந்தை ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் 'பப்பப்பா', 'மம்மம்மா' என அசைகளை அடுக்கத் தொடங்குகிறது. ஓராண்டளவில் முதற்சொல் பிறக்கிறது. இரண்டாண்டு நிறையுமுன் இரு சொற்கள் இணைகின்றன. காது கேளாத குழந்தையின் நிலை யாது?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாரா ஆன் பெட்டிட்டோவும் போலா மாரன்டெட்டும் 1991-இல் இதற்கு விடை கண்டனர். பெற்றோரின் அமெரிக்கச் சைகை மொழியைக் கண்டு வளர்ந்த கேளாக் குழந்தைகள் இருவரையும், கேட்கும் குழந்தைகள் மூவரையும் 10, 12, 14 மாதங்களில் ஒப்பிட்டு நோக்கினர். கேளாக் குழந்தைகள் சைகை மொழிக்குரிய கைவடிவங்கள் சிலவற்றைப் பொருளின்றி, அசை அசையாக, மீண்டும் மீண்டும் இயக்கின. அஃது கைகளின் மழலையே! பிறந்தது முதல் சைகை மொழியைக் காணும் குழந்தைகள் முதற்சொல்லையும் இருசொற்றொடரையும் ஏனைய குழந்தைகளின் பருவத்திலேயே எய்துகின்றன.

"சைகை கற்பித்தால் பேச்சு வாராது" என்று அஞ்சுவோர் உளர். 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடும் கேளாதோர் கல்வியினின்று சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தது. 2010-இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானத்தை மறுத்து வருத்தம் தெரிவிக்கும் வரை 130 ஆண்டுகள் கழிந்தன. கியூபெக் சைகை மொழியையும் பிரெஞ்சையும் ஒருங்கே கற்ற குழந்தைகள் இரு மொழிகளிலும் உரிய பருவத்தில் வளர்ந்ததைப் பெட்டிட்டோ குழுவினரின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கேளாக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். பெற்றோரின் சொல் குழந்தையின் செவிக்கு எட்டுவதில்லை. கண்ணுக்கு எட்டும் சைகை மொழியைப் பெற்றோர் அறிந்திலர். இவ்விடைவெளியில் மொழி வேரூன்றும் ஆண்டுகள் வீணாகின்றன. பின்னர் எத்துணை முயன்றாலும் அவற்றை முழுமையாக மீட்டல் அரிது.

செவிக்கருவியும் மருத்துவமும் வேண்டா என்பது நம் கருத்தன்று. அவை பயன் தரும் வரை குழந்தையை மொழியின்றிக் காக்க வைத்தல் முறையன்று என்பதே நம் வாதம். 2015-இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் புதுதில்லியில் தோன்றியது. வழி திறந்திருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்ப் பெரியோரும், கேளாக் குழந்தை பிறந்த இல்லத்தாரிடம் "இன்றே சைகை கற்றுக்கொள்ளுங்கள்" என எடுத்துரைத்தல் வேண்டும். நாமும் சில சைகைகளையேனும் கற்போம். பேச விழையும் கைகளுக்கு மறுமொழி கூறுதல் நம் கடன்.