தொழுகையில் உள்ள சலுகை கடையில் இல்லையா?

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இது. தன் முன் நிற்கும் அடியானின் இயலாமையைப் படைத்தவனே கணக்கில் கொள்கிறான்.

நாமோ கொள்வதில்லை. நம்மவர் நடத்தும் ஜவுளிக் கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் காலையில் நிற்கத் தொடங்கும் பணியாளர், இரவு கடை அடைக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறார். ஆளரவமற்ற மதிய வேளையிலும் அவர் அமர்ந்தால் சோம்பேறி என்கிறோம். அதைச் சொல்லும் நாம் கல்லாவில் மெத்தை நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம்.

வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்பது நாம் கூறும் சாக்கு. ஆள் வந்ததும் எழுந்து நின்று ஸலாமோ வணக்கமோ சொல்பவரை எந்த வாடிக்கையாளர் குறை கூறினார்? நாள் முழுதும் நிற்பதால் கால் வீங்குகிறது, நாளங்கள் புடைத்துச் சுருள்கின்றன, இடுப்பு வலி நிலைத்துவிடுகிறது. நாம் தரும் சம்பளம் உழைப்புக்கு மட்டுமே. உடல்நலத்துக்கு விலை அன்று.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கின. நபிவழி அறிந்த நமக்கு இதைச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டதே வெட்கம். பணியாளர் நம் சகோதரர். சக்திக்கு மீறிய சுமையை அவர்மீது ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்போம்!

செய்ய வேண்டியது எளிது. முதலாளி ஒருநாள் முழுவதும் பணியாளரின் இடத்தில் நின்று பார்க்கட்டும். எங்கே வலிக்கிறது என்று அவர்களிடமே கேட்கட்டும். மேசைக்குப் பின்னால் முக்காலிகள் இடட்டும். அடிக்கடி எடுக்கும் கனமான சரக்கு இடுப்பு உயரத் தட்டில் இருக்கட்டும். பில் போடுபவரின் கணினித் திரை கண்ணுக்கு நேராகவும், விசைப்பலகை முழங்கை உயரத்திலும் அமையட்டும். பாதம் தரையில் படியட்டும்.

ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளும் நாம், நம் கடையில் வீங்கிய கால்களுக்கும் மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டியவர்களே. அதற்கு முன்பே அவர்களை அமரச் செய்யும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.