வால் ஒன்றா, இரண்டா?

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய 99 மலர்ப் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணாக்கரை யான் அறிவேன். அவர்களே மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் வழியில், மரக்கிளையில் தொற்றிநிற்கும் ஓர்க்கிட் செடியைக் கண்டால் 'புல்லுருவி' என்று சொல்லிக் கடந்துபோகின்றனர். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. ஓர்க்கிட்டோ மரத்தினிடம் இடம் கேட்குமேயன்றி உணவு கேட்பதில்லை. பெயர் மயக்கத்தால் வெட்டுண்டு வீழும் செடிகள் எத்தனையோ!

இன மயக்கம் இதனினும் பெரிது. இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் உள. டி. எம். ஏ. ஜயவீர அவற்றை விரித்துரைத்த தொகுதி 1981இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்தான். நம்மவரோ நிறத்தைக் கொண்டே இனம் பிரிக்க முயல்கின்றனர். மரத்திலன்றி நிலத்தில் முளைக்கும் ஓர்க்கிட்டுகளும் உண்டு. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துப் புல்வெளிகளில் காணும் சட்டீரியம் நேபாலென்சே அத்தகையது. ஓரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் மற்றோரிடத்தில் வெண்மையாகவும் அது பூக்கும். வெண்பூவைக் கண்டவர் அதனை ஹபனேரியா என்று எழுதிவிடுகின்றனர்.

சற்றே குனிந்து பார்த்தால் இம்மயக்கம் தீரும். ஓர்க்கிட் மலரின் அகவிதழ் மூன்றனுள் ஒன்று வேறுபட்ட வடிவினது. அதனை உதடு என்பர். ஹபனேரியாவில், காம்புபோலத் தோன்றும் சூலகம் முறுக்கிக்கொள்வதால் உதடு கீழே அமைகின்றது. பின்புறம் தேன் தங்கும் வால் ஒன்று. சட்டீரியத்திலே அம்முறுக்கு இல்லை. உதடு மேலே நின்று முக்காடுபோலக் கவிகின்றது; வால் இரண்டு.

புறத்தே வயிரமுள்ளதைப் புல்லென்றும் அகத்தே வயிரமுள்ளதை மரமென்றும் மரபியலிற் பகுத்த தொல்காப்பியர் நிறத்தையா நோக்கினார்? அமைப்பையன்றோ நோக்கினார்! நாமோ மாணாக்கருக்கு நூற்பாவைக் கொடுத்து, அந்தக் கண்ணைக் கொடாது விடுகின்றோம்.

செடியைப் பிடுங்கிவந்து ஏட்டில் ஒட்டினாலன்றிப் புள்ளி இல்லை என்னும் விஞ்ஞான ஆசிரியரும் உளர். இஃது எனக்கு உடன்பாடன்று. இவ்விரு செடிகளும் நிலத்தடிக் கிழங்கினால் ஆண்டுதோறும் மீளத் தழைப்பவை. பிடுங்கினால் கிழங்கும் போம். தூசிபோன்ற விதையோ, உரிய பங்கசு மண்ணில் வாய்த்தாலன்றி முளையாது. அத்தனையும் அழித்து ஒட்டிய ஏட்டிலே, நம்மவர் பெரிதும் நம்பும் அந்நிறமும் நில்லாது! ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் கரிக்கோலும் கொடுத்து, பூ நின்ற இடத்திலேயே உதடு மேலா கீழா, வால் ஒன்றா இரண்டா என்று வரைந்துவரச் சொல்லலாம். புள்ளியை அவ்வரைபடத்திற்கு வழங்கட்டும்.