கோப்பில் இல்லாத தாள்

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் சரித்திர வாத்தியார் திரேஃபுஸ் வழக்கைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவார். 1894இல் ராணுவ நீதிபதிகள் கையில் ஒரு ரகசிய உறை கொடுக்கப்பட்டது. அதைத் திரேஃபுஸ் பார்க்கவில்லை, அவருடைய வக்கீலும் பார்க்கவில்லை. மனிதரைப் பிசாசுத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் அந்தக் காலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

குற்றவாளிக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இலேயே, பிரேடி வழக்கில், சொல்லிவிட்டது. ஆனால் 1985இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததைக் கேளுங்கள். ஜான் தாம்சன் மேல் முதலில் ஒரு கொள்ளை முயற்சி வழக்கு, அடுத்து ஒரு கொலை வழக்கு. கொள்ளைக்காரனின் ரத்தம் துணியில் பட்டிருந்தது. ஆய்வுக்கூட அறிக்கையில் அது பி வகை. தாம்சனுக்கு ஓ. அறிக்கை வழக்குத் தொடுத்தவர்களிடம் வந்தது, வக்கீலிடம் போகவில்லை. கொள்ளைத் தீர்ப்பு தலைக்குமேல் இருந்ததால் கொலை வழக்கில் அவர் கூண்டேறி வாய் திறக்கவும் இல்லை. மரண தண்டனை.

மறைத்தவர்களில் ஒருவர் சாகும் தறுவாயில் நண்பரிடம் உண்மையைச் சொன்னார். நண்பர் ஐந்து வருடம் மூடி வைத்திருந்தார்! 1999இல், தண்டனை நாளுக்குச் சில வாரமே இருக்க, தனியார் துப்பறிவாளர் ஒருவர் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தார். 2003இல் மறு விசாரணை, விடுதலை. ஜூரி கொடுத்த 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டஈட்டை 2011இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தள்ளியது.

வக்கீல் சொதப்பினாலும் இதே கதிதான். அலபாமாவில் ஆண்டனி ரே ஹின்டனின் வக்கீல், துப்பாக்கி நிபுணருக்கு 1,000 டாலர்தான் கிடைக்கும் என்று தவறாக நினைத்து, கிடைத்தவரை வைத்து ஒப்பேற்றினார். ஹின்டன் வெளியே வர ஏறக்குறைய 30 வருடம்.

இதில் எனக்குப் பொறுக்காதது, மேல்முறையீட்டு விதிதான். அந்தத் தாள் இருந்திருந்தால், வக்கீல் சரியாக இருந்திருந்தால், தீர்ப்பு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டென்று கைதியே காட்ட வேண்டும். மறைத்தவருக்கு அந்தச் சுமை இல்லை.

ஆபீஸில் நாங்கள் கோப்பின் ஒவ்வொரு தாளுக்கும் பக்க எண் போடுவோம். ஒன்றை உருவினால் அடுத்தவன் கண்டுபிடித்துவிடுவான். வழக்குக் கோப்பையும் அப்படி எண் போட்டு முழுதாக முதல் நாளே எதிர்த்தரப்புக்குக் கொடுக்கட்டும். சாட்சிகளுக்கு ஆபத்து என்பார்கள். சரி, சாட்சியின் விலாசத்தை அடித்துவிட்டுக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை யார் மிரட்டப்போகிறார்கள்?